காற்று வெளியேறும் பக்கம்

படம் ஆடுகிறது என்று டாக்டர் அருணாசலம் சொன்ன பிறகுதான் நான் வேறெங்கோ போய்விட்டிருந்தது எனக்கே தெரிந்தது. "வளர்மதி சிஸ்டர், கேமரா எங்க போவுது? நான் பித்தப்பையக் கேட்டா நீங்க கல்லீரலச் சுத்திக் காட்டறீங்க." சாரி சார் என்று மணிக்கட்டைத் திருத்துகிறேன். டிவியில் பித்தப்பை மறுபடி நடுவுக்கு வருகிறது, வீங்கி, பச்சையும் சாம்பலுமாக, உள்ளே கற்களை வைத்துக்கொண்டு ஒன்றும் தெரியாததுபோல. இந்த வேலையில் இதுதான் பெரிய தொல்லை. மற்றவர்கள் மனசு எங்கே மேய்ந்தாலும் வெளியே தெரியாது. மயக்கம் கொடுக்கிற டாக்டர் ஹேமா பச்சைத் துணித் திரைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து ஃபோனில் புடவை பார்க்கலாம். மேஜைக்கு எதிர்ப்பக்கம் கருவிகளை எடுத்துக் கொடுக்கிற சுகந்தி, வீட்டில் மாமியாரிடம் விட்டுவந்த கைக்குழந்தையை நினைத்துக்கொண்டே கத்திரியை நீட்டலாம். நான் கேமரா பிடிக்கிறவள். தொப்புளுக்குள் விட்ட நீளக் குழாயின் இந்த முனை என் கையில், அந்த முனை மேஜையில் மயங்கிக் கிடக்கிற அந்தம்மாவின் வயிற்றுக்குள். நான் ஒரு விரல்கடை அசைந்தால் டிவியில் வயிறே புரண்டு படுக்கும். என் பயம் மட்டும் கலரில், பெரிதாக, எல்லாரும் பார்க்கிற மாதிரி சுவரில் ஓடும். அதனால் பயப்படக் கூடாது என்று நினைத்துக்கொள்கிறேன், நினைத்ததும் கை ஆடுகிறது. பத்து வருசமாகப் பிடிக்கிறேன், எத்தனை வயிறு, ஆஸ்பத்திரியில் எந்த டாக்டர் வந்தாலும் வளர்மதி சிஸ்டர் இருக்காங்களா என்றுதான் முதலில் கேட்பார்கள், அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. இந்த மாதிரி கேஸ் வந்தால் மட்டும் கை என் பேச்சைக் கேட்காது. இந்த மாதிரி கேஸ் என்றால் பாசிட்டிவ் கேஸ். ஹெபடைட்டிஸ் பி. ரத்தத்தில் இருக்கிறது, ஈரலில் இருக்கிறது, அந்தம்மாவுக்கே ஆபரேசனுக்கு முந்தி டெஸ்ட் எடுத்தபோதுதான் தெரியும்.

எங்கள் ஆபரேசன் தியேட்டரில் பாசிட்டிவ் கேஸ் என்றால் கடைசியாகத்தான் வைப்போம். மற்ற எல்லாரையும் முடித்துவிட்டு, இவர்களை முடித்து, பிறகு தியேட்டரையே கழுவி மூடலாம் என்று ஒரு வழக்கம். யார் ஆரம்பித்தார்களோ தெரியாது. எல்லாருக்கும் சேர்த்துத்தான் காலையிலேயே பட்டினி போடுகிறோம், ஆனால் கடைசியில் சாப்பிடுவது அவர்கள்தான். பாவாயி அம்மா, அந்தியூர்ப் பக்கம், காலையிலிருந்து வராந்தாவில் ஸ்ட்ரெச்சரில் கிடந்தது. நான் கூப்பிடப் போனபோது, "ஏனுங் கண்ணு, எனக்குப் பொறவு வந்தவங்கெல்லாம் உள்ள போயிட்டு வந்துட்டாங்க. எனக்குப் பச்சத்தண்ணி பல்லுல படல" என்றது. கோபமாகக்கூடக் கேட்கவில்லை. "உங்களுது கொஞ்சம் நிதானமாப் பண்ற ஆபரேசனுங்கம்மா, அதான் கடைசியா வெச்சிருக்காங்க" என்றேன். எவ்வளவு சுலபமாக வருகிறது பொய். "அப்பிடியா சாமி. நல்லாப் பண்ணச் சொல்லு" என்று என் கையைப் பிடித்துக்கொண்டது. பிடித்த பிறகு தடவிப் பார்த்தது. "உங்கையி என்ன கண்ணு ரப்பராட்ட இருக்குது?" கையுறை போட்டிருந்தேன். வராந்தாவில், தொட்டுக் கூப்பிட, யாராவது உறை போடுவார்களா. தொட்டால் ஒட்டாது என்று எனக்குத் தெரியும், படித்திருக்கிறேன், மற்றவர்களுக்குச் சொல்லியும் கொடுத்திருக்கிறேன், இருந்தாலும் கை தானாகப் போய் உறையை எடுத்து மாட்டிக்கொண்டது. இப்போது உள்ளே இரண்டு உறை, ஒன்றின்மேல் ஒன்று. பாவாயி அம்மாவின் வயிறு காற்று ஏற்றி உப்பி, நிறைமாதம் மாதிரி நிற்கிறது. ஐந்து பிள்ளை பெற்ற வயிறு என்று கேஸ் ஷீட்டில் போட்டிருக்கிறது. அதன்மேல் நான்கு ஓட்டை, ஓட்டைக்கு ஒரு குழல், போர்ட் என்போம் நாங்கள். ஒரு குழல் வழியாகத்தான் என் கேமரா போகிறது. நெஞ்சுக்குழிக்குக் கீழே இருக்கிற குழலில் ஒரு சின்ன வால்வு, காது மாதிரி பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும். அதைப் பற்றி இப்போது நினைக்கக் கூடாது.

"புகை." டாக்டருக்கு அந்த ஒரு சொல் போதும். கரண்டுக் கொக்கியால் பித்தப்பையை ஈரலிலிருந்து சுரண்டிச் சுரண்டிப் பிரிக்கிறார், சுரண்டுகிற இடமெல்லாம் பொசுங்கிப் புகைகிறது, வயிற்றுக்குள்ளேயே புகை சேர்ந்து டிவி வெளுத்துப் போகிறது. புகையை வெளியே விட்டால்தான் படம் தெரியும். வலது கையில் கேமரா, இடது கை சும்மா இருக்கிறது என்பதால் வால்வைத் திறப்பது என் வேலை. திறக்கிறேன். உஸ்ஸென்று வருகிறது. முகத்துக்கு நேராக. கண்ணாடிக்கும் மாஸ்க்குக்கும் நடுவே இருக்கிற அந்தக் கொஞ்சூண்டு தோலில் சூடு தெரிகிறது, மூச்சைப் பிடித்துக்கொள்கிறேன், பிடித்தாலும் அந்தக் கருகல் வாசனை எப்படியோ உள்ளே வந்துவிடுகிறது, கோழி இறகு பொசுக்கின வாசனை. வாசனை வருகிறதென்றால் அதோடு வேறென்ன வருகிறது. மூச்சை எவ்வளவு நேரம் பிடிப்பது. விட்டபிறகு இன்னும் ஆழமாக இழுக்க வேண்டியிருக்கிறது, அதற்குப் பிடிக்காமலே இருந்திருக்கலாம். ஒரு தடவை கோயமுத்தூரிலிருந்து ஒரு டாக்டர் வந்து எங்களுக்கெல்லாம் வகுப்பு எடுத்தார். புகைக்குள் வைரஸ் இருக்கிறதா என்றால் இருக்கிறது, ஆராய்ச்சியில் கண்டுபிடித்திருக்கிறார்கள் என்றார். அப்படியானால் புகையிலிருந்து நமக்கு ஒட்டுமா என்று யாரோ கேட்டார்கள். ஒட்டியதாக நிரூபணம் இல்லை என்றார். கொஞ்சம் யோசித்து, ஒட்டாது என்பதற்கும் நிரூபணம் இல்லை என்றார். அதற்குள் டீயும் சமோசாவும் வந்துவிட்டது. எல்லாரும் எழுந்து போனார்கள். நான் அந்த இரண்டு வாக்கியத்துக்கும் நடுவில் உட்கார்ந்தவள்தான், இன்னும் எழுந்திருக்கவில்லை.

என்னையும் சுகந்தியையும் டாக்டரையும் எல்லாரையும் காப்பாற்றுகிற தடுப்பூசி ஒன்று இருக்கிறது, அதைப் போட்டுக்கொண்டால் இந்த வைரஸைப் பற்றி நினைக்கவே வேண்டாம். எல்லாருக்கும் போட்டார்கள். எனக்கும் போட்டார்கள். ஊசி ஏறியிருக்கிறதா என்று ரத்தம் பார்த்தபோது லேப் பாலுதான் என்னைத் தனியாகக் கூப்பிட்டான். "சிஸ்டர், உங்களுக்கு ஒண்ணுமே ஏறலீங்க. மறுக்கா ஒரு ரவுண்டு போட்டுப் பாருங்க." மறுக்காவும் போட்டேன், வெளியே ஒரு கிளினிக்கில், யாருக்கும் தெரியாமல். மறுக்காவும் சைபர். சில உடம்பு அப்படித்தானாம், ஊசி போட்டதையே அது கண்டுகொள்ளாதாம். பாலு சிரித்துக்கொண்டே, "உங்க உடம்பு யாரு சொன்னாலும் கேக்காது போலங்க" என்றான். நானும் சிரித்தேன். யாரிடமும் சொல்லாதே என்றேன், அவனும் சொல்லவில்லை, அதற்காக அவனைப் பார்க்கும்போதெல்லாம் நான் ஒரு சிரிப்பு சிரிக்க வேண்டியிருக்கிறது. சொன்னால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். என்னை தியேட்டரிலிருந்து எடுத்து வார்டில் போடுவார்கள். கேமராவை வேறு யாராவது பிடிப்பார்கள், ஒரு மாசம் படம் ஆடும், அப்புறம் ஆடாது. வளர்மதி என்று ஒருத்தி இருந்தாள் என்பதே மறந்துபோகும். அதைவிட மோசம், வளர்மதிக்கு என்னமோ கோளாறாம் என்று ஆகும். கோளாறு என்ற சொல் எங்கள் ஆஸ்பத்திரியில் ஒரே நாளில் கேன்டீன் வரை போய்விடும். அந்த ஊசி போட்ட நாளில் கூட்டிப் பெருக்குகிற ராமாத்தாக்கா வந்து வரிசையில் நின்றது, "எங்களுக்குமுங்களா அம்மிணி?" என்று. நீங்கள் கான்ட்ராக்ட் ஆள், உங்கள் கம்பெனியில் கேட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அக்கா கம்பெனியில் கேட்டதா இல்லையா தெரியாது. கேட்டிருக்காது. அன்றைக்கு நான்தான் வரிசையைப் பார்த்துக்கொண்டேன்.

"லென்ஸ் மங்குது." எடுக்கிறேன், சுடுதண்ணீரில் முக்கித் துடைக்கிறேன், துடைத்த துணியில் ஒரு பொட்டு ரத்தம், பொட்டுதான், உள்ளே விடுகிறேன். வீட்டில் என் நகவெட்டியைத் தனியாக வைத்திருக்கிறேன். பிரஷ் தனி டம்ளரில். மகள் ஒருநாள் கேட்டாள், "ஏம்மா உன்னுது மட்டும் அங்க இருக்குது?" அம்மாவுக்கு எச்சில் பிடிக்காது என்றேன். அதற்கப்புறம் பள்ளிக்கூடத்தில் டிபனில் பாதியை யாருக்கும் கொடுக்க மாட்டேன் என்று ஆரம்பித்துவிட்டாள், எச்சிலாம். நான் மூன்று மாசத்துக்கு ஒருமுறை ரத்தம் பார்த்துக்கொள்கிறேன். பாலு தரையைப் பார்த்துக்கொண்டு வந்தால் என்ன செய்வது என்று அன்றைக்கு முழுக்க யோசித்துக்கொண்டிருப்பேன். இதுவரை அவன் நேராகப் பார்த்துத்தான் வந்திருக்கிறான். தங்கராசு அண்ணனுக்கு அப்படி இல்லை. எங்கள் பழைய தியேட்டர் டெக்னீசியன். ஒருநாள் சாப்பாட்டு வேளையில் அவர் கண்ணைப் பார்த்தேன், மஞ்சள். வெயிலில் அப்படித் தெரிகிறது என்றார். பிறகு வயிறு வீங்கியது. வியாதி இங்கே பிடித்ததா, கேஸில் கை தவறி ஊசி குத்தியதா, புகையா, வேறெங்காவதா, யாராலும் சொல்ல முடியவில்லை. சொல்ல முடியாதபோது மனிதர்களுக்கு வாய்க்கு வருவது ஒன்றுதான். குடிச்சிருப்பான் என்றார்கள். ஒரு டம்ளர் கள்கூடத் தொடாத மனிதர். துக்கம் கேட்கப் போனபோது அவர் மனைவி என்னிடம் மெதுவாகக் கேட்டது: "அவரு எனக்குத் தெரியாமக் குடிச்சாருங்களா சிஸ்டர்? உங்களுக்குத் தெரியுமுங்களா?" செத்த பிறகும் புருசன்மேல் சந்தேகம். இல்லவே இல்லை என்றேன். நம்பியதா தெரியாது.

"புகை." திறக்கிறேன். உஸ். கொரோனா காலத்தில் இதே காற்றுக்கு எல்லாரும் எப்படிப் பயந்தோம். வால்வைத் திறக்கவே கூடாது என்றார்கள், புகை உறிஞ்சுகிற பெட்டி ஒன்று வந்தது, அதன் குழாயை வால்வில் மாட்டினால் ஒரு இழை வெளியே வராது. டாக்டர் அருணாசலமே இரண்டு மாஸ்க் போட்டுக்கொண்டு நின்றார். அப்போது எனக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி. எல்லாரும் பயப்படும்போது நம் பயம் கண்ணுக்குத் தெரியாது. பிறகு கொரோனா போய்விட்டது, பெட்டியின் ஃபில்டர் தீர்ந்தது, வேறு ஃபில்டர் வரவில்லை, பெட்டி ஸ்டோர் ரூமில் ஓர் ஓரத்துக்குப் போயிற்று. இப்போது அதன்மேல் கையுறை அட்டைப்பெட்டிகள். சாதா சக்‌ஷன் குழாயை மாட்டலாம், நான் ஒருமுறை கேட்டேன், மாட்டினால் வயிற்றுக் காற்று மொத்தமும் ஒரேயடியாகப் போய்ப் படம் உட்கார்ந்துவிடும் என்றார் டாக்டர். உண்மைதான். அவர் கெட்டவர் இல்லை. அவருக்கு ஊசி ஏறியிருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம். ஏறியவருக்கு இது காற்று, எனக்கு வேறு. இப்போது சொல்லிவிடலாமா. சார், எனக்கு ஊசி பிடிக்கலீங்க சார். வாய்க்குள் நான்கைந்து தடவை சொல்லிப் பார்த்தாகிவிட்டது, காலையில் பஸ்ஸிலும் சொல்லிப் பார்த்தேன், கண்ணாடி முன்னாலும். "சார்." அவர் கையை நிறுத்தாமல், "ம்?" என்கிறார். கொக்கி ஈரலைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. சுகந்தி நிமிர்கிறாள். டாக்டர் ஹேமாவின் ஃபோன் வெளிச்சம் திரைக்கு மேல் தெரிகிறது. இப்போது சொன்னால் இந்த அறைக்கே சொன்னதாக ஆகிவிடும். "லென்ஸ் மறுக்கா துடைச்சுக்கட்டுங்களா சார்?" "இப்பத்தான துடைச்சீங்க. நல்லாத்தான் தெரியுது." எனக்கே சிரிப்பு வருகிறது, மாஸ்க்குக்குள் சிரித்தால் யாருக்கும் தெரியாது, அதுவும் சிரிப்பில்லை.

அப்போதுதான் அது கண்ணில் பட்டது. வால்வு. அதன் வாய் ஏன் எப்போதும் என் பக்கம் பார்க்கிறது. குழலைப் பிடித்துச் சுற்றினால் வால்வும் கூடவே சுற்றும், தலைமாட்டைப் பார்க்கலாம், கால்மாட்டைப் பார்க்கலாம், எதிர்ப்பக்கம் பார்க்கலாம், எங்கே பார்க்க வேண்டும் என்று எந்தப் புத்தகத்திலும் கிடையாது. குழல்களைப் பூட்டி எடுத்துக் கொடுப்பது சுகந்தி. டாக்டர் குத்திய பிறகு துணியைச் சரிசெய்வதும் சுகந்தி. போன வாரம் எப்படி இருந்தது, அதற்கு முந்தின வாரம். என் பக்கம்தான். அவள் பிரசவத்துக்குப் போகும் முன்பு எப்படி இருந்தது. ஞாபகமில்லை, எங்கே இருந்ததோ அங்கே இருந்தது. லீவு முடிந்து வந்த பிறகுதான், ஒவ்வொரு கேஸிலும், குறிபார்த்து வைத்த மாதிரி என் முகத்துக்கு. மெல்ல நிமிர்ந்து அவளைப் பார்க்கிறேன். அவள் டிவியைப் பார்க்கிறாள், ரொம்பக் கவனமாக, பார்க்க வேண்டியதற்கு மேலேயே. எனக்குக் கோபம் குப்பென்று ஏறுகிறது. போன மாசம்தான் அவள் குழந்தைக்கு வெள்ளிக் கொலுசு வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வந்தேன், மடியில் வைத்துக் கொஞ்சினேன், அவள் மாமியார் காப்பி கொடுத்தது. சாப்பாட்டு டப்பாவில் பாதியை எனக்குத் தள்ளுகிறவள். அக்கா அக்கா என்கிறவள். படம் ஆடுகிறது, நானே பார்க்கிறேன், டாக்டர் சொல்வதற்குள் நிமிர்த்திவிட்டேன்.

"புகை." இடது கையால் குழலைப் பிடிக்கிறேன், திறப்பதற்கு முன் ஒரு திருப்பு, அவ்வளவுதான், வாய் எதிர்ப்பக்கம் போயிற்று, திறந்தேன். உஸ். எனக்கு ஒன்றும் தெரியவில்லை, சூடில்லை, வாசனைகூட இல்லை. என்ன சுகம். சுகந்தி தலையைச் சட்டென்று தோள்பக்கம் திருப்பிக்கொண்டாள். முழங்கையை மடக்கி மார்பை மறைத்தாள், முகத்தை இல்லை, மார்பை. அவள் பால் கொடுக்கிறவள் என்பது அந்த நொடியில்தான் எனக்கு உறைத்தது. மத்தியானம் ஓய்வு அறையில் கதவைச் சாத்திக்கொண்டு பாலைப் பீய்ச்சிப் பாட்டிலில் எடுத்து, பெயர் எழுதி ஃப்ரிட்ஜில் வைக்கிறவள். பால் வழியாகவெல்லாம் அப்படி ஒட்டாது, அவளுக்கும் தெரியும், அவளுக்கு ஊசியும் ஏறியிருக்கிறது. ஆனால் என் கை வராந்தாவில் உறையைத் தேடிப் போன மாதிரிதானே அவள் கையும் போகும். எங்கள் கண் சந்தித்தது. மாஸ்க்குக்கு மேலே கண் மட்டும் இருந்தால் பொய் சொல்லக் கஷ்டம். எனக்குத் தெரிந்துவிட்டது என்று அவளுக்கும் தெரிந்தது. அடுத்த தடவை டாக்டர் கிளிப் கேட்டபோது அவள் கொடுத்துவிட்டு, துணி சுருங்கியிருக்கிறது என்று இழுத்துவிடுகிற சாக்கில் குழலை மறுபடி என் பக்கம் திருப்பினாள். நான் அடுத்த புகைக்கு அவள் பக்கம். அவள் ஈரத்துணியை மாற்றுகிற சாக்கில் என் பக்கம். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் பாவாயி அம்மாவின் வயிறு மேலும் கீழும் மெதுவாகப் போய்வருகிறது. டாக்டர் டிவியைத்தான் பார்க்கிறார். அவருக்குக் கையே டிவிக்குள் இருக்கிறது. ஒரு பேச்சு இல்லை, ஒரு முறைப்பு இல்லை, அவள் முறைத்திருந்தால் தேவலை. ஒவ்வொரு தடவை திருப்பும்போதும் அவள் கண்ணில் மன்னிப்பு கேட்கிற மாதிரி ஒன்று வந்து போனது. என் கண்ணிலும் வந்திருக்கும். வந்தும் திருப்பினோம்.

பித்தப்பை பிரிந்து வந்துவிட்டது. சின்னப் பைக்குள் போட்டு, பையோடு வெளியே இழுத்து, தட்டில் வைத்தாயிற்று. கற்கள் உள்ளே உருண்டன. "ஈரல் சுத்தமா இருக்குதா, ஒரு சுத்து காட்டுங்க" என்றார், காட்டினேன், ஆடாமல் காட்டினேன். "அருமை. ரத்தம் இல்ல. கேமராவ எடுத்துருங்க, காத்த விட்டுருங்க. முழுசா விடணும் சிஸ்டர், மிச்சம் இருந்தா தோள்பட்டை வலின்னு அந்தம்மா ராப்பூரா தூங்காது." உறைகளைக் கழற்றிப் போட்டுவிட்டு, தையல் போட இரண்டு நிமிசத்தில் வருகிறேன் என்று கை கழுவப் போய்விட்டார். புகை விடும்போது வருவது கொஞ்சம். கடைசியில் விடுவதுதான் மொத்தமும், இவ்வளவு நேரம் அந்த வயிற்றுக்குள் சுற்றின எல்லாம், வயிற்றை அமுக்கி அமுக்கி வற்றும்வரை விட வேண்டும். காலையிலிருந்து நான் பயந்தது இதற்குத்தான். என் கை குழலுக்குப் போனது. சுகந்தி கையும் வந்தது. இரண்டு பேர் விரலும் ஒரே குழலின்மேல், இரட்டை உறைக்குள். நான் அவள் பக்கம் திருப்பவில்லை, அவள் என் பக்கம் திருப்பவில்லை. நான் தலைமாட்டைப் பார்த்தேன். திரைக்கு அந்தப் பக்கம் டாக்டர் ஹேமா எழுந்து நின்று மருந்து ஏற்றிக்கொண்டிருந்தார். அவள் கால்மாட்டைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். அங்கே யாரும் இல்லை. ஒருத்தர் சொல்லாமலே இரண்டு பேரும் சேர்ந்து வால்வின் வாயைக் கால்மாட்டுக்குத் திருப்பினோம். ஒரு பெரிய பாரம் இறங்கின மாதிரி இருந்தது, அவள் கண் சுருங்கியது, சிரித்தாள் என்று நினைக்கிறேன், நானும் சிரித்தேன். இவ்வளவு சுலபம், இதற்கா இவ்வளவு நேரம். திறந்தேன். உஸ்ஸென்று நீளமாக வர ஆரம்பித்தது. இரண்டு கையாலும் வயிற்றை அமுக்கினேன்.

ராமாத்தாக்கா கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு வந்தது அப்போதுதான். கடைசி கேஸ் முடிந்தால் தியேட்டரைக் கழுவிவிட்டு கவுந்தப்பாடி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும், பஸ் போய்விட்டால் இன்னொன்று ரொம்ப நேரம் கழித்துத்தான், அதனால் டாக்டர் வெளியே வந்ததைப் பார்த்ததும் உள்ளே வந்துவிடும். மாஸ்க் தாடைக்குக் கீழே தொங்கியது. எப்போதும் அப்படித்தான், எப்போதும் நான்தான் மேலே ஏற்றச் சொல்வேன். பிளாஸ்டிக் பக்கெட்டைக் கால்மாட்டில் வைத்துவிட்டு, மேஜையோரம் விழுந்திருந்த ரத்தத் துணியைப் பொறுக்க வந்தது, பொறுக்கிக்கொண்டே மேலே மேலே வந்தது, பாவாயி அம்மாவின் தொடைக்குப் பக்கத்தில் குனிந்து நிமிர்ந்தது. பாதி நிமிர்ந்த முகம் மேஜை உயரத்தில் இருந்தது. வால்வுக்கு நேராக. வால்வை மூட ஒரு விரல் போதும். ஒரே ஒரு விரல். மூடினால் வயிறு இன்னும் பாதி இருக்கிறது, மிச்சத்தை எந்தப் பக்கம் விடுவது. சுகந்தியைப் பார்த்தேன். சுகந்தி என்னைப் பார்த்தாள். அவள் கை அசையவில்லை. என் கை வயிற்றை அமுக்கிக்கொண்டுதான் இருந்தது, அது அமுக்குவதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன், டிவியில் பார்ப்பது மாதிரி. ராமாத்தாக்கா கண்ணை இடுக்கியது. "ஏனுங் அம்மிணி, மூஞ்சில என்னமோ சூடாக் காத்தடிக்குதுங்களே." எனக்கு வாய் இருந்தது, சொல்லும் இருந்தது, காலையிலிருந்து எத்தனை தடவை சொல்லிப் பார்த்த வாய். "நல்லாத்தான் இருக்குதுங்" என்றது அக்கா, துணியைக் கையில் வைத்துக்கொண்டே இன்னும் கொஞ்சம் முன்னால் சாய்ந்து. "காத்தாலருந்து இந்த ஏசில கெடந்து ஒடம்பெல்லாம் வெறைச்சுப்போச்சு." டாக்டர் ஹேமா திரைக்கு மேலே எட்டிப் பார்த்து, "முடிஞ்சுதா?" என்றார். உஸ் சத்தம் மெலிந்துகொண்டே வந்து நின்றது. பாவாயி அம்மாவின் வயிறு சப்பென்று ஆகி, ஐந்து பிள்ளை பெற்ற சுருக்கங்களெல்லாம் திரும்ப வந்தன. இதற்கு மேல் வருவதற்கு ஒன்றும் இல்லை என்று தெரிந்த பிறகுதான் எனக்குப் பேச்சு வந்தது.

"அக்கா, மாஸ்க்க மேல ஏத்திக்குங்க" என்றேன்.

"கேசுதான் முடிஞ்சுபோச்சுங்களே அம்மிணி, இனி என்னத்துக்கு" என்று சொல்லிவிட்டு, அக்கா பக்கெட்டை எடுக்கக் குனிந்தது.